கலந்தர் காக்கா விட்டுப்போன உக்கா

கலந்தர் மரைக்கார் மவுத்தாகி, ஏழாம் நாள் கத்தம் ஓதி, வந்தவர்கள் நெய்ச்சோறு தின்று கை கழுவி, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்து மூலையில் யாரும் தொடாமல் நின்ற, அவர் புகை இழுக்கிற கண்ணாடி உக்கா தானாகக் குடுகுடுவென்று இழுக்கத் தொடங்கியது. கரி இல்லை, புகையிலை இல்லை, குழாயின் நுனியில் வாய் இல்லை. இருந்தாலும் நீலக் கண்ணாடிக் குடுவைக்குள் தண்ணீர் குமிழ்விட்டு எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கலந்தர் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் வேளை அது. இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சின்ன வயசிலிருந்தே கலந்தரின் கூட்டாளியான பாக்கர் காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்துட்டாரு. கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, காத்து வரட்டும் அவருக்கு" என்றார். எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள். தோணித்துறையில் அவ்வளவுதான் நடந்தது, ஒருத்தரும் ஓடவில்லை, ஒருத்தரும் கூப்பாடு போடவில்லை.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் வெள்ளை உடுத்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராவியத்துக்கும் அந்தச் சத்தம் கேட்டுப் பயம் வரவில்லை. "அடப் பாவத்த, தண்ணி மாத்தலயே!" என்றுதான் முதலில் நினைத்தாள். மவுத்தான அன்று காலையில் ஊற்றிய தண்ணீர் அது, இத்தனை நாள் அப்படியே கிடந்து கெட்டுப்போயிருக்கும், கெட்ட தண்ணீரில் இழுத்தால் அவருக்குக் கமறும் என்று அவள் நினைத்து முடிக்கவில்லை, குடுவை இருமியது. அவருடைய இருமலேதான், கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து விடுகிற அதே இருமல். ராவியத்துக்கு அப்போதுதான் கோபம் வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் வந்தது. ஏழு நாளாக அழாத அழுகையெல்லாம் அந்தக் கோபத்தோடு சேர்ந்து வந்தது. "உசுரோட இருந்தப்பயும் நாந்தான் கழுவுனேன், மண்ணுக்குள்ள போனப்புறமும் நாந்தான் கழுவணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கொழும்புக் கடையை மூடிவிட்டுக் கலந்தர் ஊரோடு வந்து சேர்ந்தபோது, சரக்குப் பாக்கி தீர்க்கப் பம்பாய் வரைக்கும் போய், அங்கே ஒரு ஈரானியரிடம் அந்த உக்காவை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று தொடங்கி ஒரு நாள் தவறாமல் ராவியத் அதைக் கழுவினாள். கழுவுவது என்றால் லேசுப்பட்ட வேலையா? மேல் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, தண்டைத் திருகாமல் மெல்ல ஆட்டி ஆட்டி ரப்பர் வளையத்தோடு உருவ வேண்டும், திருகினால் குடுவையின் கழுத்தில் கீறல் விழும். பழுப்புத் தண்ணீரை வாழை மூட்டில் கொட்டக்கூடாது, வாழை பட்டுப்போகும். குடுவைக்குள் கல் உப்பும் எலுமிச்சம்பழச் சாறும் ஒரு பிடி அரிசியும் போட்டு, வாயை உள்ளங்கையால் பொத்தி, பிள்ளையை ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்ற வேண்டும், அரிசி உரசி உரசிக் கறையை எடுக்கும். வெந்நீர் ஆகாது, கண்ணாடி விட்டுப்போகும். தண்டுக்குள் ஆப்ப சோடாவைத் தூவி நூல் சுற்றிய நீளக் கம்பியை விட்டு இழுக்க வேண்டும். குழாயை மட்டும் நனைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் தோல் அழுகிப்போகும், வெயிலில் தொங்கவிட்டு உதறத்தான் வேண்டும். எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைத்து மறுபடி பூட்டிய பிறகு, தண்டின் நுனி ஒரு விரற்கடை முங்குகிற அளவுக்குத் தண்ணீர். அதற்கு மேல் ஒரு மிடறு கூடினாலும் மூச்சு ஏறாது, குறைந்தாலோ தொண்டை எரியும்.

கலந்தர் கெட்ட மனுஷர் இல்லை. கை நீட்டியதில்லை, வசவு பேசியதில்லை, பெருநாளைக்குப் பெருநாள் சேலை எடுத்துத் தந்தார். ஆனால் உக்காவைக் கழுவ வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அது சூரியன் உதிக்கிற மாதிரி தினமும் தானாகச் சுத்தமாகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ராவியத் ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மதியச் சோற்றோடு திரும்பிவிடுவாள், அஸருக்கு உக்கா வேண்டுமே. ஒருமுறை நாகூரிலிருந்து அவளுடைய ராத்தா ஹவ்வா, கூடப்பிறந்த ஒரே அக்கா, பார்க்க வந்திருந்தாள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிணற்றடியில் குடுவையை ஆட்டிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. நேரே கூடத்துக்குப் போய், அத்தனை ஆம்பளைகள் இருக்கும்போதே, "மாப்புள, ஒங்க வாய் வைக்கிற சாமான ஒரு நாளைக்கு நீங்களே கழுவுனா கையா தேஞ்சிரும்?" என்று கேட்டுவிட்டாள். கலந்தர் குழாயை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் பஸ் ஏறின பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "இனிமே அவ இங்க வரவேணாம், நீயும் அங்க போகவேணாம்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். ராவியத்தும் மறுபேச்சுப் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நினைத்து நினைத்து அத்தனை வருஷமும் அவள் மனசு ஆறவில்லை.

இப்போது அந்த ஹவ்வாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கலந்தர் மவுத்துக்கு அவளால் வர முடியவில்லை. அடுத்த வீட்டில் இருக்கும் கலந்தரின் தங்கை மீராள் வீட்டுக்குப் போன் போட்டு, "ஒரு கண்ணு முழுசாப் போயிருச்சு, இன்னொண்ணுல ஓரமாத்தான் தெரியுது, அதுவும் மழைக்காலம் வரைக்குந்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு, இத்தா முடிஞ்ச மறுநாளே ராவியத்த வரச்சொல்லு, கண்ணு இருக்கையிலயே அவ மொகத்த ஒருவாட்டிப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். புருஷன் போன பெண் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா நாலு மாசத்துச் சொச்சம். மழைக்காலம் அதற்குப் பிறகுதான். கணக்குச் சரியாக இருந்தது. ராவியத் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் உள்ளறைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் சௌகரியப்படுத்திக்கொண்டது. அஸர் முடிந்ததும் ஆம்பளைகள் முன்னைப்போலவே கூடத்துக்கு வந்தார்கள். பேச்சுக்கு நடுவில் கலந்தர் பதில் சொல்வதற்கென்று கொஞ்சம் இடம் விட்டுப் பேசப் பழகிக்கொண்டார்கள். நீளமாக இழுத்தால் சரி, வெட்டி வெட்டி இழுத்தால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியே இரண்டு நிக்காஹ் பேசி முடிந்தது, ஒரு வேலித் தகராறு தீர்ந்தது. சாயாக் கடையிலிருந்து அவருக்கும் ஒரு கிளாஸ் வந்தது. மையவாடியைப் பார்த்துக்கொள்கிறவர் அவரைப் புதைத்த கபுருக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டார், "ஆளு வீட்ல இருக்காரு, நான் யாருக்கு ஊத்துறது?" என்று கேட்டார். பேரனுக்குக் கலந்தர் என்று பெயர் வைக்கப் போன ஒருத்தரிடம், அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, வேறு பெயர் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இழுப்பு வந்து தவிக்கிற கிழவர்களை மீன்காரத் தெருவிலிருந்து கூட்டிவந்து உக்காவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அது இழுக்கும்போது இழுத்து, அது விடும்போது விட்டார்கள், நெஞ்சு லேசாகி எழுந்து நடந்து போனார்கள். பள்ளிவாசலின் ஆலிம்சா ஒருநாள் வந்து நின்று கேட்டார். "கபுருல எறக்குனது நானு, மொதப் பிடி மண்ணு போட்டதும் நானு. மவுத்துன்னா மவுத்துதான். இது என்னங்கறது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டுப் போகாமல், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரைக்கும் உட்கார்ந்திருந்தார், மறுநாளும் வந்தார்.

புகையிலை இல்லாவிட்டாலும் கண்ணாடியில் கறை மட்டும் தவறாமல் படிந்தது. மனுஷன் மூச்சில் அவ்வளவு அழுக்கு இருக்கிறது போலிருக்கிறது. ராவியத் தினமும் முற்பகலில் கழுவித் திரைக்கு வெளியே வைப்பாள், மீராள் எடுத்துக் கூடத்தில் வைப்பாள். கழுவும்போது ராவியத் பேசுவாள். "நாகூருக்குப் போவேன், தெரிஞ்சுக்கங்க. இத்தா முடியட்டும், போவேன்" என்று குடுவையின் வாய்க்கு நேராகக் குனிந்து சொல்வாள். சொன்ன கையோடு அரிசி போதுமா என்று பார்த்து இன்னும் கொஞ்சம் போடுவாள். இன்னொரு நாள் ஒன்றும் பேசாமல் குடுவையை மடியில் வைத்து நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து அழுவாள். அவளுக்கு அவர்மேல் ஆசையும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது, இரண்டில் எதையும் அவளால் கழுவிக் கொட்ட முடியவில்லை.

நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். அன்றைக்குக் கழுவுகிற பொறுப்பைக் கூடத்து ஆம்பளைகள் ஏற்றுக்கொண்டார்கள். கலந்தருக்கு வெறும் கிணற்றுத் தண்ணீரா என்று பாக்கர் காக்காவுக்கு மனசு கேட்கவில்லை, கல்யாணத்துக்குத் தெளிக்கிற பன்னீரைப் போத்தல் போத்தலாக வாங்கி வந்தார். அரைகுறையாக ஊற்றினால் மரியாதையா என்று இன்னொருத்தர் கேட்டார், கழுத்து வரைக்கும் ஊற்றினார்கள். குழாயைச் சோப்புப் போட்டு முக்கியெடுத்தார்கள். அஸர் வந்தது. உக்கா இழுத்துப் பார்த்தது, முடியவில்லை, மறுபடி இழுத்தது, விக்கியது. விக்கல் பாக்கர் காக்காவுக்குத் தொற்றியது, கூடத்துக்குத் தொற்றியது, தெருவுக்குப் போனது. சாயா ஆற்றுகிறவர் விக்கினார், வலை பின்னுகிறவர்கள் விக்கினார்கள், மஃரிப் பாங்கு சொல்லப் போனவர் பாதியில் நின்று தண்ணீர் கேட்டார். ஊர் முழுக்க மேல்மூச்சு வாங்கியது. ராவியத் காய்ச்சலோடு எழுந்து, "எடுத்தாங்க இப்பிடி" என்று மீராளிடம் வாங்கி, பன்னீரையெல்லாம் கொட்டிக் கவிழ்த்து, விரற்கடை பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஊர் மூச்சு விட்டது. அன்றைக்கு ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி, இனி ராவியத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தார்கள், பெரிய மரியாதை செய்துவிட்ட நினைப்பில் அதை அவளுக்குச் சொல்லியும் அனுப்பினார்கள். அவள் அதைக் கேட்டுவிட்டு, இத்தாவில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று விரல் விட்டு எண்ணினாள்.

இத்தா முடிகிற நாளும் வந்தது. தெருப் பெண்கள் அவளைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டு, புதுச் சேலையும் அத்தரும் கொண்டு வந்தார்கள். அன்றைக்கென்று வெயில் ஏறும் முன்னாலேயே கூடத்தில் உக்கா இழுக்கத் தொடங்கியது. மீராள் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஊற்றவில்லை.

"மச்சி, கோவிச்சுக்காதீங்க. காக்கா மூச்சு கூடத்துல கேக்குது. மூச்சு உள்ளவரு பொஞ்சாதிக்கு இத்தா எப்புடி முடியும்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்று அண்ணன் மனைவியிடம் சொன்னாள்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஆலிம்சாவுக்கு ஆள் போனது. "முடிஞ்சிருச்சு, சந்தேகமே வேணாம், அந்தம்மா எங்க வேணும்னாலும் போகலாம்" என்று அவர் பளிச்சென்று சொல்லி அனுப்பினார். மார்க்கம் முடித்துவிட்டது, ஊர்தான் முடிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக அடுப்பில் சோறு கிடக்கிறது, பிள்ளை அழுகிறது என்று நழுவினார்கள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கர் காக்கா, "தங்கச்சி, ஒன்னைய யாரும் அடைச்சு வைக்கல. நீ போய்ட்டா இதக் கழுவுறது யாரு? அன்னைக்குப் பாத்தேல்ல?" என்று கேட்டார். கெஞ்சுகிற குரலாகத்தான் இருந்தது.

ராவியத் புதுச் சேலையை மடித்து வைத்தாள். ஊருக்குப் பயந்து நின்றாள் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவள் ஊருக்குப் பயந்த பெண் இல்லை. அந்த இருமலுக்குத்தான் பயந்தாள். இரண்டு நாள் கழுவாவிட்டால் குடுவைக்குள் அவர் திணறுவார், அது தனக்கு நாகூரிலும் கேட்கும் என்று நினைத்தாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள். நடக்கிற நடை மட்டும் கூடிப்போனது, முற்றத்துச் சிமெண்டில் அவள் நடந்த இடம் மினுமினுத்தது. சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவாள், தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் எத்தனையாவது ரக்அத் என்று மறந்துவிடும், எந்நேரமும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகம் கூடி முதல் மழை விழுந்த அன்று மீராள் நனைந்துகொண்டே வந்தாள். வந்தவள் வாசல்படியிலேயே நின்றாள், கண்ணை நேரே பார்க்கவில்லை.

"நாகூர்லேருந்து போன் வந்துச்சு மச்சி. ஓரத்துல தெரியுறதும் மங்கிக்கிட்டே வருதாம். ஒங்க மொகம் மறந்துபோச்சாம் ஒங்க ராத்தாவுக்கு. 'எப்புடி இருப்பா, மூக்கு எப்புடி இருக்கும்'னு எங்கிட்டயே கேக்குறாங்க" என்றாள், முகத்து ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே.

ராவியத் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று முற்பகல் உக்காவை வழக்கத்தைவிட நன்றாகக் கழுவினாள், இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அஸருக்கு ஆம்பளைகள் வந்து உட்கார்ந்ததும், தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கிக் கூடத்துக்கு வந்தாள். ஆம்பளைகள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்கள். உக்கா மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும், எல்லாரும் இருக்கீங்க" என்றாள். "இவங்க மவுத்தாகிட்டாங்களா, இல்லையா?"

ஆலிம்சா தாடியைத் தடவிக்கொண்டு, நான்தான் சொல்லிவிட்டேனே என்பது மாதிரி மற்றவர்களைப் பார்த்தார்.

"மவுத்தாகிட்டாங்கன்னா என் இத்தா முடிஞ்சுபோச்சு, நான் ராத்தா வீட்டுக்குப் போறேன். மவுத்தாகலன்னா இவங்க எம் புருசன், புருசனோட பொஞ்சாதி எங்கயும் போகலாம், இவங்களையும் கூட்டிட்டுப் போறேன். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

பாக்கர் காக்கா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "தனியாவா? துணைக்கு யாரு தங்கச்சி?" என்றார், வேறு எதுவும் தோன்றாமல்.

"அதான் புருசன் கூட வர்றாங்களே!"

யாரோ சிரித்துவிட்டார், சிரித்தது யார் என்று தெரியாதபடிக்கு எல்லாரும் குனிந்துகொண்டார்கள். பாக்கர் காக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவரையும் கொண்டு போய்ட்டா நாங்க எங்க போய் உக்காருறது புள்ள?" என்றார்.

அந்தக் கேள்வியில் ராவியத்துக்கு இரக்கம் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது. "கடக்கரை இருக்கு, பள்ளி இருக்கு, அவங்கவங்க வீட்ல அவங்கவங்க பொஞ்சாதி இருக்கு காக்கா. ஒரு நாளாவது அங்க போய் உக்காந்து பாருங்க" என்றாள். உக்கா வெட்டி வெட்டி இழுத்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், ராவியத்துக்கும் தெரியும். "நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய் மூட்டை கட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் மழைத் தூறலில் ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. பாதிப் பேர் அவளை வழியனுப்பவும் பாதிப் பேர் அவரை வழியனுப்பவும் வந்திருந்தார்கள். இத்தாவில் உடுத்திய வெள்ளைச் சேலையைக் கிழித்து உக்காவை அடி முதல் கழுத்து வரைக்கும் சுற்றி, தண்டு ஆடாமல் இறுக்கி, விரற்கடைத் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு ராவியத் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மீராள் ஒரு பையில் எலுமிச்சம்பழமும் கல் உப்பும் கொடுத்தாள், குழாயின் நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ் நகர்ந்ததும் உக்கா குடுகுடுக்கத் தொடங்கியது, அஸர் வரைக்கும் காத்திருக்கவில்லை.

கண்டக்டர் வந்து மடியைப் பார்த்தார். "என்னம்மா அது, சத்தம் வருது?"

"வீட்டுக்காரங்க."

அவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். கடலோர ரூட்டில் பல வருஷம் ஓடினவர், எத்தனையோ பார்த்திருப்பார். "மடியில வர்றதுனால டிக்கெட் வேணாம். எடத்துல உக்காந்தா ஒண்ணு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். பஸ் குலுங்கும்போதெல்லாம் ராவியத் இரண்டு கையாலும் குடுவையை அணைத்துக்கொண்டாள், தண்ணீர் தளும்பினால் அவருக்குப் புரையேறும். தொண்டி போனது, முத்துப்பேட்டை போனது, வழியெல்லாம் மழை, வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், அவளும் பதிலுக்கு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே, "சண்டையா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா, ரொம்ப நாள் சண்டை" என்றாள் ராவியத்.

ஹவ்வா வீட்டு வாசலில் வந்து நின்று, படியில் ஒரு காலைத் தூக்கி வைத்ததும் உக்கா கொதித்தது. அப்படி அது ஒருநாளும் இழுத்ததில்லை. சுற்றியிருந்த துணியெல்லாம் நனைந்தது, கண்ணாடி அவள் கைக்குள் அதிர்ந்தது, விட்டால் உடைந்துவிடும் போலிருந்தது. ராவியத் காலைக் கீழே எடுத்தாள். உக்கா அடங்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி கொதித்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போன மாதிரி இப்போதும் திரும்பிப் போய்விடுவோமோ என்று தன்னைப் பார்த்தே பயந்தாள்.

திரும்பவில்லை. மழை படாத இடமாகப் பார்த்து, வாசல் தாழ்வாரத்தில் உக்காவை மெல்ல இறக்கி வைத்தாள். ஈரத்துணியை அவிழ்த்தாள், தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், குழாயைச் சுருட்டி மேலே வைத்தாள். "ஒங்களுக்கு வர மனசிருந்தா வாங்க, இல்லாட்டி இங்கயே இருங்க. என்னால நிக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஹவ்வா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, தலையைச் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி பார்த்தாள். "யாரு?" என்றாள்.

"நாந்தான் ராத்தா."

"எங்க? கிட்ட வா... அங்க இல்ல, இந்தப் பக்கம். ஜன்னல் பக்கமாத் தள்ளு. இன்னும் கொஞ்சம்... குனி..." என்று கையால் தங்கையின் தாடையைப் பிடித்து இழுத்து, மேலேயும் கீழேயும் நகர்த்தி, ஒரு இடத்தில் வந்ததும் நிறுத்தினாள். "ஆங். இந்தா இருக்கே. அடியே, கெழவியாப் போய்ட்டியேடி!" என்று சொல்லி வாய்விட்டு அழுதாள். ராவியத்தும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உம்மா மவுத்தான அன்று ஆரம்பித்துப் பேசினார்கள், யார் வீட்டில் யார் பிறந்தார்கள் என்று பேசினார்கள், கலந்தரைத் திட்டினார்கள், கலந்தருக்காக அழுதார்கள், ஹவ்வா மருமகள் கொண்டுவந்து வைத்த சாயா ஆறிப்போனது, வேறு வந்தது, அதுவும் ஆறியது, ஜன்னலில் வெளிச்சம் தேய்ந்துகொண்டே போனது.

திடீரென்று ஹவ்வா காதைத் தீட்டிக்கொண்டு, "ஆமா, நீ வந்ததுலேருந்து வாசல்ல குடுகுடுன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே, அது எங்க?" என்றாள்.

ராவியத் பேச்சை நிறுத்திக் கேட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது, தெருவில் யாரோ சைக்கிளில் போனார், வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஒவ்வொரு குமிழுக்கும் காதைக் கொடுத்தே வருஷம் வருஷமாக வாழ்ந்தவளுக்கு, அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டாள். பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

ஹவ்வா அவள் தாடையை விடவில்லை.

"எங்கடி போற? மொகத்த நகத்தாத, இப்பத்தான் கெடச்சிருக்கு" என்றாள்.

ராவியத் உட்கார்ந்தாள்.